தோளில் ஒட்டிய சென்சார்: எல்லையோர வாசகர் கேள்விகள்

சர்க்கரை நோய்க்காரர்கள் கையில் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் சுகரைப் பார்க்கும் தொடர் குளுக்கோஸ் சென்சார் பற்றிக் கேட்டு எழுதியவர்களில் பலர் தமிழக-கேரள எல்லையோர ஊர்க்காரர்கள். செங்கோட்டை, குலசேகரம், களியக்காவிளை, கம்பம், அந்தப் பக்கம் பாலக்காட்டுச் சித்தூர். சாப்பாடு, வேலை, மலை, அருவி எல்லாமே கேள்விக்குள் வந்திருப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறோம். எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற வழக்கமான கணக்கு. மாத்திரை, ஊசி அளவை மட்டும் இந்தப் பக்கத்தைப் பார்த்து மாற்ற வேண்டாம்.

கேள்வி: காலைச் சாப்பாடு முடிந்து முக்கால் மணி நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தேன், 186. அதே நிமிஷம் சென்சாரில் 151. கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினது. எது பொய்?
*பலசரக்குக் கடைக்காரர், செங்கோட்டை*

இரண்டுமே பொய் இல்லை. விரல் குத்திப் பார்க்கும் மீட்டர் அளப்பது ரத்தத்தை. சென்சாரின் நுனியில் இருக்கும் மெல்லிய இழை, சுமார் 5 மில்லிமீட்டர் நீளம், தோலுக்கு அடியில் செல்களுக்கு நடுவே ஊறி நிற்கும் நீரில் இருக்கிறது. சாப்பிட்ட குளுக்கோஸ் முதலில் ரத்தத்துக்கு வரும், அங்கிருந்து கசிந்துதான் இந்த நீருக்கு வரும். அதற்கு 5 முதல் 10 நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். நீங்கள் பார்த்த நேரமோ சுகர் விறுவிறுவென்று ஏறுகிற நேரம். சென்சார் பின்தங்கித்தான் இருக்கும்.

இதன் மறுபக்கம்தான் முக்கியம். சுகர் வேகமாக இறங்கும்போதும் சென்சார் பின்தங்கும். அது 82 என்று காட்டும் நேரத்தில் ரத்தத்தில் 65 ஆகியிருக்கலாம். கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஆனால் சென்சார் நல்ல எண் காட்டுகிறது என்றால் உடம்பை நம்புங்கள், விரலைக் குத்துங்கள்.

மீட்டரும் தராசுக் கல் அல்ல. 100க்கு மேல் 15 சதவீதம் கூடக் குறைய இருக்க அதற்கான சர்வதேசத் தரமே இடம் கொடுக்கிறது. உண்மையில் 150 இருப்பவருக்கு மீட்டர் 128 காட்டினாலும் 172 காட்டினாலும் அது நல்ல மீட்டர்தான். அதோடு கை சுத்தமும் சேர்ந்துகொள்ளும். பலாச்சுளை உரித்த விரலை, சர்க்கரை மூட்டையில் அளந்த விரலை வேட்டியில் துடைத்துவிட்டுக் குத்தினால் மீட்டர் காட்டுவது உங்கள் ரத்தத்தை அல்ல, விரலில் ஒட்டிய இனிப்பை. கடையில் இருப்பவர் நீங்கள், சொல்லத் தேவையில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்பிரிட் பஞ்சு மட்டும் போதாது.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் சாப்பாட்டுக்கு முன், எண்ணுக்குப் பக்கத்தில் சுகர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறி நேராகப் படுத்திருக்கும்போது பாருங்கள். இரண்டு நாளில் மூன்று தடவை போதும். 100க்கு மேல் 20 சதவீதத்துக்குள், 100க்குக் கீழ் 20 புள்ளிக்குள் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்று தடவையும் அதைத் தாண்டினால் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். வரிசை எண் கேட்பார்கள், அதனால் பெட்டியைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஒட்டிய முதல் 24 மணி நேரத்தை இந்தக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. இழை புகுந்த இடம் லேசாகப் புண்பட்டு ஆறிக்கொண்டிருக்கும் நேரம் அது.

கேள்வி: எனக்கு ரப்பர் பால் வெட்டுற வேலை. காலையும் ராத்திரியும் கலவை இன்சுலின் போடுகிறேன். ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடிச்சு 58 என்று காட்டுது. எழுந்து பார்த்தால் ஒரு தளர்ச்சியும் இல்லை. சீனி தின்னுட்டுப் படுத்தால் காலையில் 240. என்ன செய்ய?
*வாசகர், குலசேகரம்*

முதலில் தெரிய வேண்டியது அந்த 58 நிஜமா, அழுத்தமா என்பது. சென்சார் இருக்கும் கை அடியில் போகும்படி ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடத்துக்கு ரத்தமும் நீரும் வருவது குறையும், எண் பொய்யாக இறங்கும். காலையில் கோட்டுப் படத்தைப் பாருங்கள். அழுத்தத்தால் வந்த இறக்கம் கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்தாக விழுந்து, நீங்கள் புரண்டு படுத்த சிறிது நேரத்தில் அதே மாதிரி செங்குத்தாக ஏறியிருக்கும். நிஜ இறக்கம் குளத்துக் கரை மாதிரி மெல்லச் சரியும், மீள்வதும் மெல்லத்தான்.

ஆனால் உங்களுக்கு நிஜமாக இறங்கவும் காரணம் இருக்கிறது. கலவை இன்சுலினில் இருக்கும், மெதுவாக வேலை செய்யும் கலங்கிய பகுதி, போட்ட 4 மணி நேரத்துக்கு மேல்தான் உச்சத்துக்குப் போகும். இரவு 8 மணிக்குப் போட்டால் நள்ளிரவு தாண்டி அதன் வேலை மும்முரமாக நடக்கும். இதை ஊகத்தில் விட வேண்டாம். தலைமாட்டில் மீட்டரை வைத்துக்கொண்டு, அலாரம் அடித்ததும் மறுபக்கம் புரண்டு, விரலைக் குத்துங்கள். மூன்று இரவு இப்படிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். விரலிலும் 70க்குக் கீழ் என்றால் அந்தப் படத்தோடு டாக்டரிடம் போங்கள், இரவு ஊசியை அவர் மாற்றுவார். இன்னொன்று: பல வருஷமாக ஊசி போடுகிறவர்களுக்கு, அடிக்கடி சுகர் இறங்கியே பழகியவர்களுக்கு, நடுக்கமும் வியர்வையும் வராமலே 58க்குப் போவது உண்டு. ‘தளர்ச்சி இல்லை, அதனால் பொய்’ என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள்.

காலை 240க்குக் காரணம் பெரும்பாலும் சீனியின் அளவு. எண் ஏற நேரமாகிறதே என்று இரண்டாம் கை, மூன்றாம் கை அள்ளித் தின்போம். சென்சார் பின்தங்குகிறது என்பதை இங்கேதான் நினைவில் வைக்க வேண்டும். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் பொறுத்து, விரலில் பாருங்கள். சென்சாரைப் பார்த்துக்கொண்டே தின்றால் அளவு தப்பும்.

இனி விடியற்காலை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெறும் வயிற்றில் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து மூன்று மணி நேரம் நடப்பது நல்ல உடற்பயிற்சி, ஊசி போட்டவருக்கு ஆபத்தான உடற்பயிற்சியும்கூட. கிளம்பும் முன் பாருங்கள். 90க்குக் கீழ் என்றாலோ, 120 இருந்து அம்பு கீழே சாய்ந்திருந்தாலோ, வெறும் கட்டன் சாயா குடித்துவிட்டு இறங்கக் கூடாது. ஒரு சின்ன வாழைப்பழம் அல்லது மூன்று நான்கு மேரி பிஸ்கட் தின்ன வேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப் பையில் இருக்கட்டும். பால் வாளியோடு தோட்டத்து முனையில் வைத்தால் தேவைப்படும்போது எட்டாது. சென்சாரைக் கத்தி பிடிக்காத கையில் ஒட்டுங்கள்.

கேள்வி: மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் இல்லாமல் எங்கள் வீட்டில் சாயங்காலம் கிடையாது. டாக்டர் கிழங்கையே தொடாதே என்கிறார். புட்டும் ஏத்தன் பழமும் வேண்டாம் என்கிறார். சென்சாரை வைத்து இதற்கு ஏதாவது வழி உண்டா?
*இல்லத்தரசி, களியக்காவிளை*

சென்சாரின் உண்மையான உபயோகமே இதுதான் அம்மா. அது போலீஸ்காரன் இல்லை, சமையல்கட்டில் இன்னொரு தராசு. ஆனால் ஒழுங்காக நிறுத்தினால்தான் தராசு பேசும்.

சோதிக்கும் முறை இப்படி. சென்சார் ஒட்டிய முதல் நாளை விட்டுவிடுங்கள். சோதனை நாட்களில் மாத்திரை, சாப்பிடும் நேரம், வீட்டு வேலை எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆரம்ப எண் 100க்கும் 130க்கும் நடுவில், அம்பு நேராகப் படுத்திருக்க வேண்டும். மத்தியானம் பாயசம் குடித்துவிட்டு 190இல் இருக்கும்போது கிழங்கைச் சோதித்தால் கிழங்கின் மேல் வீண்பழி விழும்.

முதல் நாள் வேகவைத்து நீர் வடித்த கிழங்கு 150 கிராம், கண்ணளவில் வேண்டாம், தராசில் வைத்து, வெறும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடு. இரண்டாம் நாள் அதே 150 கிராம், கூடவே சாளையோ அயிலையோ இரண்டு மூன்று துண்டு. மூன்றாம் நாள் அதே மீன், கிழங்கை மட்டும் 100 கிராமாகக் குறைத்து. மூன்று நாளும் நான்கு விஷயம் எழுதுங்கள்: ஆரம்ப எண், உச்ச எண், உச்சத்துக்கு வர எத்தனை நிமிடம், பழைய இடத்துக்குத் திரும்ப எத்தனை நேரம். நான்காம் நாள் மூன்றாம் நாள் சாப்பாட்டையே சாப்பிட்டுவிட்டு, முடிந்த 10 நிமிடத்தில் எழுந்து கால் மணி நேரம் நடந்து பாருங்கள். ஒரு நாளில் ஒரு மாற்றம்தான். மீனையும் கூட்டி, அளவையும் குறைத்து, நடக்கவும் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பெரும்பாலானவர்களுக்கு வரும் முடிவு: தனிக் கிழங்கு செங்குத்தாக ஏற்றும், மீன் ஏற்றத்தைத் தாமதிக்கும், அளவைக் குறைப்பதுதான் உச்சத்தைக் குறைக்கும். காரணம் எளிது. 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து 28 கிராம் போல. 100 கிராம் கிழங்கில் அதைவிட நன்றாகவே கூடுதல். ‘இன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை, கிழங்குதான்’ என்று தட்டு நிறைய வைப்பதில்தான் வினை. உச்சம் 180ஐத் தாண்டாத அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது வேறாக இருக்கும்.

புட்டையும் இப்படியே பாருங்கள். புட்டு, பழம், சீனி மூன்றும் மாவுச்சத்துக்கு மேல் மாவுச்சத்து. அரைக் குழல் புட்டும் ஒரு கிண்ணம் கடலைக்கறியும் வேறு கதை. சம்பா அரிசிப் புட்டு என்றால் சுகர் ஏறாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு, சென்சார் அதை அரை மணி நேரத்தில் உடைத்துவிடும். அரிசி சிவப்பானாலும் மாவாகப் பொடித்துவிட்டால் ஏறத்தான் செய்யும். ஏத்தன் பழம் கரும்புள்ளி விழக் கனிந்ததைவிடச் செங்காய்ப் பருவத்தில், பாதி, வேகவைத்து.

எல்லையில் இன்னொரு ஐட்டம் இருக்கிறது, பரோட்டாவும் பீஃபும். அதை இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் ‘பரவாயில்லையே, 165தான்’ என்று தோன்றும். எண்ணெயும் கொழுப்பும் வயிற்றைக் காலியாக விடாமல் இழுத்துப் பிடிப்பதால் உச்சம் மூன்று நான்கு மணி நேரம் கழித்து வரும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் நீங்கள் தூங்கிய பிறகு. விரல் குத்திப் பார்த்த காலத்தில் இந்த ஏற்றம் யார் கண்ணிலும் படாமலே போனது.

கேள்வி: குற்றாலத்தில் குளித்தேன். ஒட்டி நாலாம் நாள் சென்சார் அருவியோடு போய்விட்டது. தண்ணீரில் ஒன்றும் ஆகாது என்றுதானே சொன்னார்கள்?
*வாசகர், தென்காசி*

தண்ணீர் உள்ளே போகாது என்றுதான் சொன்னார்கள். பரவலாகக் கிடைக்கும் சென்சார்களுக்கு 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்பது கணக்கு. குளத்தில் முங்கலாம், ஷவரில் நிற்கலாம். மெயினருவியில் அடிக்கிற தண்ணீர் வேறு வகை. ஓரமாக, சென்சார் இல்லாத தோளைக் கொடுத்து நில்லுங்கள். அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டீர்களா என்று எழுதவில்லை. செய்திருந்தால் பாதிப் பழி எண்ணெய்க்கு.

அடுத்ததை ஒட்டும்போது: மேற்கையின் பின்பக்கம், சதை உள்ள இடம். மச்சம், தழும்பு, ஊசி போடும் இடத்திலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி. முந்தின நாளே தோளில் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்துங்கள். சோப்பால் கழுவி (வாசனைக் கிரீம் சோப்பு வேண்டாம், எண்ணெய்ப் படலம் விடும்), அடர்ந்த முடி இருந்தால் மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது முழுக்கக் காயும்வரை பொறுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் அடியில் ஒரு நிமிடமாவது ஆகும். ஈரத்தோடு அழுத்தினால் ஓரம் மறுநாளே கிளம்பும். அழுத்தியபின் விளிம்பைச் சுற்றி விரலால் நீவி விடுங்கள். மேலே ஒட்டும் கூடுதல் டேப் போடலாம், நடுவில் இருக்கும் சின்னத் துளையை மட்டும் மூடாதீர்கள். கழன்று வந்த சென்சாரைத் திரும்பக் குத்தி ஒட்ட முடியாது.

14 நாள் முடிந்து எடுக்கும்போது அதே தேங்காயெண்ணெய் நண்பனாகிவிடும். விளிம்பில் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டால் தோல் உரியாமல் வரும். அடியில் வட்டமாகச் சிவந்து அரித்துக் கொப்புளமும் வந்தால் அது பசையின் ஒவ்வாமை. அதே கம்பெனியின் அடுத்த சென்சாரை ஒட்டும் முன் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஜீப் ஓட்டுகிறேன். கம்பம் மெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவேன். மலையில் சிக்னல் இல்லை. சென்சார் வேலை செய்யுமா? அந்த அம்புக்குறியை எப்படிப் படிப்பது?
*ஓட்டுநர், கம்பம்*

செய்யும். சென்சாரிலிருந்து போனுக்கு எண் வருவது கிட்டத்தில் நடக்கும் பேச்சு, அதற்கு டவர் வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் தங்கள் போனில் உங்கள் எண்ணைப் பார்ப்பதற்குத்தான் இணையம் வேண்டும். தொட்டு ஸ்கேன் செய்யும் பழைய வகை என்றால் அது 8 மணி நேரத்துத் தகவலைத்தான் தன்னிடம் வைத்திருக்கும். அதற்குள் ஒரு தடவையாவது ஸ்கேன் செய்யாவிட்டால் படத்தில் ஓட்டை விழும். தானே அனுப்பும் ப்ளூடூத் வகை என்றால் போனில் பேட்டரி சேமிப்பு இந்த ஆப்பை நிறுத்தாதபடி அமைத்து வையுங்கள். ‘அலாரமே அடிக்கவில்லை’ என்ற புகார்களில் பல இங்கேதான் முடிகின்றன.

அம்பு நேராகப் படுத்திருந்தால் நிமிடத்துக்கு 1 புள்ளிக்குள்தான் மாற்றம். சாய்ந்திருந்தால் 1 முதல் 2. செங்குத்தாக நின்றால் 2க்கு மேல். இதை ஓட்டுநர் கணக்கில் சொன்னால்: 110 இருந்து அம்பு செங்குத்தாகக் கீழே என்றால், 15 நிமிடத்தில் 80க்கும் கீழ். அதாவது அடிவாரத்தில் நல்ல எண், நாலாவது கொண்டை ஊசி வளைவில் கண் இருட்டும். எண்ணை மட்டும் பார்த்துக் கிளம்புவது, வேகமானியைப் பார்க்காமல் கிலோமீட்டர் கல்லை மட்டும் பார்ப்பது மாதிரி.

சாவியைத் திருப்பும் முன் 90க்கு மேல் இருக்க வேண்டும், அம்பு கீழே பார்க்கக் கூடாது. 70க்கும் 90க்கும் நடுவில் என்றால் ஏதாவது சாப்பிட்டு, ஏறியதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 70க்குக் கீழ் போய்விட்டால் வண்டியை ஓரங்கட்டி, சாவியை எடுத்து, குளுக்கோஸ் சாப்பிட்டு, விரலில் 90 தாண்டிய பிறகும் முக்கால் மணி நேரம் ஓட்டக் கூடாது. மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும். வண்டியில் இருக்கும் ஆட்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். ஓடும்போது போனைத் தொட்டு ஸ்கேன் செய்யாதீர்கள். வெயிலில் நிறுத்தும் ஜீப்பின் டாஷ்போர்டில் புதுச் சென்சார் பெட்டியையோ இன்சுலினையோ வைக்கவும் கூடாது.

கேள்வி: சுகர் இறங்கினபோது கற்கண்டு தின்றேன், அரை மணி நேரமாக ஏறவே இல்லை. ஏன்?
*வாசகர், போடி*

சாப்பாட்டோடு சேர்த்துப் போடும் மாத்திரையில் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் இருக்கிறதா பாருங்கள். இந்த மருந்துகள் குடலில் கற்கண்டு, சீனி, வெல்லம் உடைவதைத் தடுக்கும். உடையாத சீனி ரத்தத்துக்குப் போகாது. இவர்கள் குளுக்கோஸ் பொடியைத்தான் எடுக்க வேண்டும், மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து. இந்த மாத்திரை இல்லாதவர்களுக்குச் சீனியே போதும், மூன்று நான்கு தேக்கரண்டி. சாக்லேட், பால்கோவா இரண்டும் வேண்டாம். கொழுப்பு ஏற்றத்தைத் தாமதிக்கும். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மாலை போட்டிருக்கிறேன். கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். சபரிமலைக்குச் சென்சாரோடு போகலாமா?
*குருசாமி, புளியரை*

தாராளமாகப் போகலாம் சாமி. மலையேறுவதற்கு இரண்டு நாள் முன்பே ஒட்டிவிடுங்கள். பம்பையில் வைத்து ஒட்டினால் முதல் நாள் தடுமாற்றமும் ஏற்றமும் ஒன்றாக வந்து குழப்பும்.

மெட்ஃபார்மின் மட்டும் இருந்தால் சுகர் இறங்கும் பயம் குறைவு. கிளிமிப்பிரைட் அப்படி இல்லை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும். விரதத்தில் ஒரு வேளை உணவைக் குறைத்திருக்கிறீர்களா? அப்படியானால் மாத்திரை அளவை மாலை போட்ட அன்றே டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை என்றால் நாளைக்கே கேளுங்கள்.

பம்பையிலிருந்து சன்னிதானம் 5 கிலோமீட்டர் போல, நீலிமலை ஏற்றம் மூச்சு வாங்கும். அரை மணிக்கு ஒரு தடவை பாருங்கள். 100க்குக் கீழே போய் அம்பு சாய்ந்தால் உட்கார்ந்து நான்கு பேரீச்சம்பழம். பலரும் கோட்டைவிடுவது இறங்கிய பிறகுதான். கால் தசை தான் செலவழித்த சேமிப்பை நிரப்ப அன்று இரவு முழுக்க ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் தூங்கும்போது, புனலூர் தாண்டி ஆரியங்காவு வரும் நேரத்தில் இறங்கும். பக்கத்து சீட்டுச் சாமியிடம் அலாரச் சத்தம் என்ன என்று சொல்லி வையுங்கள். அரவணை ஒரு ஸ்பூன் பிரசாதம்தான், டின் அல்ல.

சென்சார் பார்க்காத ஒன்று உண்டு, உங்கள் பாதம். காலில் மரமரப்பு இருக்கிறவர் வெறுங்காலோடு ஏறினால் கல் குத்தியதே தெரியாது. ஏறி முடித்து, இறங்கி முடித்து, இரண்டு தடவையும் உள்ளங்காலை இன்னொரு சாமியை விட்டு டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்சார் ரிப்போர்ட்டில் சராசரி 154, ‘ஜிஎம்ஐ’ 7.0 என்று இருக்கிறது. லேபில் ஹெச்பிஏ1சி 8.1. எதை நம்புவது? ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?
*ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை*

ஜிஎம்ஐ என்பது சென்சாரின் சராசரியிலிருந்து ஹெச்பிஏ1சியை ஊகித்துப் போடும் கணக்கு. சராசரியை 0.02392ஆல் பெருக்கி 3.31 கூட்டினால் வரும், உங்கள் 154க்கு 7.0 சரிதான். அது இந்த 14 நாளைச் சொல்கிறது. ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. சென்சார் ஒட்டிய நாளிலிருந்து வாயைக் கட்டியிருந்தால் இரண்டும் பொருந்தாது. இது முதல் காரணம். இரண்டாவது, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை ஹெச்பிஏ1சியைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஹீமோகுளோபினும் ஃபெர்ரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பு) பார்த்துவிடுங்கள். ரத்தம் ஏற்றியவர்களுக்கும் ரத்த அணு சீக்கிரம் உடைகிறவர்களுக்கும் இது நேர்மாறாக, குறைத்துக் காட்டும்.

ரிப்போர்ட்டில் சராசரியை விட்டுவிட்டு நிறப் பட்டையைப் பாருங்கள். பெரும்பாலோருக்கு 70 முதல் 180க்குள் 70 சதவீத நேரம், அதாவது நாளில் 17 மணி நேரம் போல, இருந்தால் போதும். 70க்குக் கீழ் 4 சதவீதத்துக்குள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். 54க்குக் கீழ் 1 சதவீதத்துக்குள், கால் மணி நேரம். வயதானவர்கள், இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கணக்கு தளர்வு: உள்ளே 50 சதவீதம் போதும், ஆனால் 70க்குக் கீழ் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. கர்ப்பிணிகளுக்கு எல்லையே வேறு, 63 முதல் 140. ரிப்போர்ட்டில் சென்சார் இயங்கிய நேரம் 70 சதவீதத்துக்குக் கீழ் என்றால் மற்ற எண்களைப் படிக்கவே வேண்டாம்.

கேள்வி: சளிக்கு வைட்டமின் சி மாத்திரை போட்டதிலிருந்து சென்சார் 220க்குக் கீழ் வரமாட்டேன் என்கிறது. விரலில் 160.
*வாசகர், மார்த்தாண்டம்*

மாத்திரை காரணமாக இருக்கலாம். சில சென்சார்களில் நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி போனால் எண் பொய்யாக உயரும். கடையில் கிடைக்கும் சப்பும் மாத்திரை ஒன்றே 500. வேறு சில கம்பெனிச் சென்சார்களுக்குப் பாரசிட்டமால் இப்படி. உங்கள் சென்சாரின் கையேட்டில் எந்த மருந்து என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பொய் 220க்கு ஊசி கூட்டிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகனுக்கு 9 வயது, டைப் 1. சென்சார் ஒட்டியிருக்கிறோம். மலையாளப் பள்ளிக்கூடம், டீச்சருக்குத் தமிழ் தெரியும், ஆனால் பயப்படுகிறார். போன் கொண்டுவர விடமாட்டார்கள்.
*தாய், பாலக்காடு சித்தூர்*

போனுக்குப் பதில் சென்சார் கம்பெனியின் தனி ரீடர் கொடுத்தனுப்பலாம், அதில் பேச்சும் இல்லை, விளையாட்டும் இல்லை. ஆனால் முதலில் எதை வைத்துச் சென்சாரை ஆரம்பிக்கிறோம் என்பது முக்கியம். சில வகைகளில் ரீடரில் ஆரம்பித்துவிட்டுப் பிறகு போனையும் சேர்க்கலாம், சிலவற்றில் ஆரம்பித்த கருவி மட்டும்தான். வாங்கும்போதே கேளுங்கள்.

டீச்சருக்கு அரைப் பக்க அட்டை ஒன்று, மலையாளத்தில் எழுதிக் கொடுங்கள். மூன்று வரி போதும். 70க்குக் கீழ் என்றால் வகுப்பிலேயே, உட்கார்ந்த இடத்திலேயே குளுக்கோஸ், தனியாக எங்கும் அனுப்பாதீர்கள். 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கவும். மயங்கினால் வாயில் எதுவும் கொடுக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடவும், பிறகு எனக்கு. குழந்தைக்கு 15 கிராம் பெரும்பாலும் அதிகம். எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் என்று போட்டால், 27 கிலோ பையனுக்கு 8 கிராம். ஒவ்வொரு பொட்டலமாக நிறுத்து மடித்துக் கொடுத்துவிட்டால் டீச்சரின் பயத்தில் பாதி போய்விடும். விளையாட்டுப் பீரியடுக்கு முன் ஒரு பார்வை கட்டாயம். அந்த நேரத்துக்கு மட்டும் சுகர் இறக்க அலாரத்தை 70க்கு வைக்காமல் 80க்கு வையுங்கள்.

நீங்கள் கேரளத்தில் வசிப்பதால் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். டைப் 1 பிள்ளைகளுக்காகக் கேரள அரசின் சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் ‘மிட்டாயி’ திட்டம். இன்சுலினோடு கருவி உதவியும் அதில் உண்டு. அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் விசாரியுங்கள்.

கேள்வி: மெட்ஃபார்மின் ஒன்றுதான். ஹெச்பிஏ1சி 6.6. மகன் வருஷம் பூரா சென்சார் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறான். தேவையா?
*ஓய்வு பெற்ற தபால்காரர், கூடலூர்*

வருஷம் பூராவும் என்றால் 26 சென்சார், ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். உங்களுக்கு அது தேவையில்லை. வருஷத்தில் ஒன்று அல்லது இரண்டு போதும். அதையும் சும்மா ஒட்டாமல், கல்யாண சீசனிலோ ஓணத்துக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் வாரத்திலோ ஒட்டுங்கள். ஊசி போடுகிறவர்கள், அடிக்கடி சுகர் இறங்குகிறவர்கள், கர்ப்பிணிகள், டைப் 1 பிள்ளைகள், இவர்களுக்குத்தான் விடாமல் வேண்டும். மகனிடம் மீதிப் பணத்துக்கு நல்ல செருப்பு ஒரு ஜோடியும் வருஷாந்திரக் கண் பரிசோதனையும் கேளுங்கள்.